பெயர் போடாத ஆசிரியர்கள்: வீடியோ விளையாட்டு ஸ்டூடியோக்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

வீடியோ விளையாட்டு தயாரிக்கும் ஸ்டூடியோக்களுக்கு இன்று ஏகப்பட்ட வரலாறுகள் எழுதப்பட்டுவிட்டன. புத்தகங்கள், ஆவணப்படங்கள், கம்பெனியே செலவு செய்து போடும் ஆண்டுவிழா மலர்கள். ஒன்றைப் படித்தால் போதும், மற்றதையும் படித்த மாதிரிதான். ஒரு கார் ஷெட், இரண்டு மூன்று இளைஞர்கள், ராத்தூக்கம் கெட்ட உழைப்பு, எதிர்பாராத வெற்றி, பெரிய கம்பெனி ஒன்று வந்து விலைக்கு வாங்குவது, அப்புறம் சரிவு அல்லது சாம்ராஜ்யம்.

இந்தக் கதையாடலின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'அடாரி உருவாக்கியது', 'ஆக்டிவிஷன் வெளியிட்டது', 'கேப்காம் சாதித்தது' என்றுதான் வாக்கியங்கள் நடக்கும். எழுவாய் எப்போதும் கம்பெனி. உட்கார்ந்து செய்த ஆட்கள் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. வந்தாலும் 'திறமையான குழு' என்று மொத்தமாக ஒரு வார்த்தையில் மூட்டை கட்டிவிடுவார்கள். இது மொழிப் பழக்கம்தானே, இதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். இந்த எழுவாய் எப்படி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதே ஒரு வரலாறு. அதற்குச் சண்டை நடந்திருக்கிறது, வழக்கு நடந்திருக்கிறது, ஆட்கள் வேலையிழந்திருக்கிறார்கள்.

ஆசிரியனின் மரணம் பற்றி நமது சூழலில் போதுமான அளவு பேசியாகிவிட்டது, சண்டையும் போட்டாயிற்று. ஆனால் ரொலான் பார்த் சாகடித்தது அட்டையில் பெயர் அச்சாகியிருந்த ஆசிரியனை. பெயரே போடப்படாதவனை யார் சாகடிப்பது? இங்கே நமக்கு உதவக்கூடியது மிஷெல் ஃபூக்கோ 1969இல் எழுப்பிய கேள்வி. ஒரு கடிதத்துக்குக் கையெழுத்திட்டவர் உண்டு, ஆசிரியர் கிடையாது. சுவரில் எழுதப்பட்ட வாசகத்துக்கு எழுதியவர் உண்டு, ஆசிரியர் கிடையாது. ஆக, எந்தப் பிரதிக்கு ஆசிரியர் உண்டு, எதற்கு இல்லை என்பதை அந்தப் பிரதி தீர்மானிப்பதில்லை. சட்டம், சொத்துரிமை, நிறுவனம் இவையெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதை அப்படியே கண்ணுக்கெதிரே நடத்திக் காட்டிய துறை ஒன்று உண்டென்றால் அது வீடியோ விளையாட்டுத்துறைதான்.

2

அடாரி 1972இல் கலிஃபோர்னியாவில் நோலன் புஷ்னல், டெட் டாப்னி இருவரும் தொடங்கிய கம்பெனி. 1976இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அதை ஏறத்தாழ 2.8 கோடி டாலருக்கு வாங்கியது. வீட்டுத் தொலைக்காட்சியில் செருகி விளையாடும் வி.சி.எஸ். என்ற இயந்திரம் (பின்னாளில் இதற்கு 2600 என்று பெயர்) 1977இல் கடைக்கு வந்தது. 1978இல் நிர்வாகப் பொறுப்பை ஏற்ற ரே கஸார், பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெரிய ஜவுளிக் கம்பெனியிலிருந்து வந்தவர்.

இந்த இயந்திரத்தின் நினைவகம் மொத்தமே 128 பைட். இந்த வாக்கியத்தைக்கூட முழுசாக அதில் அடைக்க முடியாது. அப்புறம் எங்கே ஒரு திரை முழுக்கப் படத்தைச் சேமித்து வைப்பது? அதனால் இயந்திரம் எந்த நேரத்திலும் ஒரே ஒரு கிடைக்கோட்டைத்தான் அறியும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே கோடு கோடாக இழுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் என்ன நிறம், எந்த இடத்தில் ஆள், எந்த இடத்தில் பந்து என்பதை அந்தக் கற்றை வந்து சேர்வதற்குள் புரோகிராம் சொல்லியாக வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் பிராசஸரின் 76 துடிப்புகள். தவறினால் படம் கலைந்துபோகும்.

தொழில்நுட்பத் தகவலுக்காக இதைச் சொல்லவில்லை. வரைபவர் ஒருவர், புரோகிராம் எழுதுபவர் வேறொருவர் என்று பிரித்துக்கொள்ள இந்த இயந்திரம் இடம் கொடுக்கவில்லை. எதை வரையலாம் என்பதே எத்தனை துடிப்பு மிச்சம் என்பதைப் பொறுத்தது. ஆகவே விதிகளை யோசிப்பது, உருவம் வரைவது, சத்தம் அமைப்பது, எல்லாவற்றையும் எந்திர மொழியில் எழுதுவது அத்தனையும் ஒரே ஆள்தான். பல மாத வேலை. டேவிட் கிரேன் என்பவர் பின்னால் 1982இல் செய்த 'பிட்ஃபால்' என்ற விளையாட்டில் 255 காட்டுக் காட்சிகள் வரும். அவற்றில் ஒன்றுகூடச் சேமிக்கப்பட்டதில்லை. ஒரே ஒரு பைட்டை ஒரு கணக்கின்படி மாற்றிக்கொண்டே போய், அதன் ஒவ்வொரு நிலையிலிருந்தும் மரம், குழி, முதலை எல்லாவற்றையும் வரவழைத்தார். தச்சருக்கோ தவில்காரருக்கோ கைவாகு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் இது. தெரிந்தவர்கள் பார்த்தால் இது யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

சினிமாவைவிட, ஏன் நாடகத்தைவிடவும், தனியொருவரின் படைப்பாக இருந்தது அன்றைய வீடியோ விளையாட்டு. சரியாக அந்தக் காலத்தில்தான் பெட்டியின் மேல் ஒரு பெயரும் இல்லை. 'அடாரி' என்ற முத்திரை மட்டும்தான். சட்டமும் அதற்குத் தோதாகவே இருந்தது. 1976இல் நிறைவேறி 1978இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், சம்பளத்துக்குச் செய்யப்பட்ட வேலையில் முதலாளியே ஆசிரியராகக் கருதப்படுவார் என்கிறது. உரிமையாளர் என்பதோடு நிற்கவில்லை. ஆசிரியர் என்றே சொல்கிறது. விரல் நோக எழுதியவர் சட்டத்தின் கண்ணில் ஆசிரியராகப் பிறக்கவே இல்லை.

3

வாரன் ராபினெட் அடாரியில் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். கோட்டை, டிராகன், வாள், சிக்கலான பாதைகள் எல்லாம் கொண்ட அது மொத்தம் 4,096 பைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். அதற்குள் அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு ரகசிய அறை கட்டினார். சுவரின் நிறத்தோடு நிறமாக ஒரு சாம்பல் புள்ளி. அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் சுவர் வழிவிடும். உள்ளே வேறொன்றும் இல்லை. 'உருவாக்கியவர் வாரன் ராபினெட்' என்ற எழுத்துகள் நிறம் மாறி மாறி மின்னிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

1979இல் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். காட்ரிட்ஜ் சந்தைக்கு வந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1980இல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பையன் கடிதம் போட்ட பிறகுதான் கம்பெனிக்கே விஷயம் தெரியும். அதற்குள் சிப்பில் பதித்தாயிற்று; மாற்ற வேண்டுமென்றால் பணம் செலவாகும். நிர்வாகத்தில் ஒருவர் வேறு யோசனை சொன்னார்: இருந்துவிட்டுப் போகட்டும், ஈஸ்டர் பண்டிகையில் பிள்ளைகள் ஒளித்து வைத்த முட்டையைத் தேடுகிற மாதிரி இதையும் தேடட்டும், நாமே இனி இப்படி வைப்போம். 'ஈஸ்டர் முட்டை' என்ற சொல் இந்தத் துறைக்குள் இப்படித்தான் வந்தது.

இந்தக் கதையை எல்லோரும் குறும்பு என்ற அளவில் சொல்லிச் சிரிப்பார்கள். நாம் வேறு மாதிரி வாசிக்க வேண்டியிருக்கிறது. மறுக்கப்பட்ட கையெழுத்தை ஒரு தொழிலாளி பொருளுக்குள்ளேயே புதைத்து வைக்கிறார். கம்பெனி அதை அழிக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. விற்பனைக்கான கவர்ச்சியாக மாற்றிக்கொள்கிறது. இதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான ஈஸ்டர் முட்டைகளில் பெரும்பாலானவை நிர்வாகம் தெரிந்தே வைத்தவை. கலகத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது, கலகம் போய்விட்டது. ராபினெட் ஒருவரின் குணம் என்றும் இதை ஒதுக்கிவிட முடியாது. 1977இல் வந்த அடாரியின் 'ஸ்டார்ஷிப் 1' என்ற காசு போட்டு ஆடும் இயந்திரத்திலும் அதைச் செய்தவர் தன் பெயரை ஒளித்து வைத்திருந்தது நாற்பது வருஷம் கழித்து 2017இல்தான் வெளியே தெரிந்தது.

4

தனியாள் புதைத்து வைத்ததை நாலு பேர் சேர்ந்து வாய்விட்டே கேட்டார்கள். டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட். எந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்ற பட்டியல் ஒன்றைக் கம்பெனி ஊழியர்களிடம் சுற்றுக்கு விட்டது. எதைப் போல இன்னும் செய்யலாம் என்று காட்டுவதற்கு. இவர்கள் அதைக் கூட்டிப் பார்த்தார்கள். பத்துக் கோடி டாலர் விற்பனையில் ஆறு கோடி தங்கள் நாலு பேர் விளையாட்டிலிருந்து வந்திருந்தது என்றும், தங்கள் சம்பளம் வருஷத்துக்குச் சில பத்தாயிரம் டாலர்தான் என்றும் கிரேன் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கஸாரிடம் போனார்கள். கேட்டது இரண்டு: விற்பனையில் ஒரு சிறு பங்கு, பெட்டியில் பெயர். துண்டுக்கு டிசைன் போடுகிறவர்களை எனக்குத் தெரியும், நீங்களும் அந்த மாதிரிதான். காட்ரிட்ஜைப் பூட்டுகிற தொழிலாளிக்கு இருக்கிற முக்கியத்துவம்தான் உங்களுக்கும் என்கிற தொனியில் பதில் வந்ததாக அவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

இந்தப் பதிலை வழக்கமாக ஒரு முதலாளியின் திமிராக மட்டும் காட்டுவார்கள். திமிர்தான். ஆனால் புரோகிராமர்களுக்கு அதில் ஏன் அவ்வளவு கோபம்? நாங்கள் கலைஞர்கள், பூட்டுகிற தொழிலாளி அல்ல என்பதுதான் அவர்களுடைய வாதம். துண்டுக்கு டிசைன் போட்டவருக்கும் பெயர் உண்டே, பூட்டிய பெண்ணுக்கும் உண்டே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கலைஞன் என்ற வகைமைக்குள் ஏறி, தொழிலாளி என்ற வகைமையிலிருந்து தப்பிக்கிற வழியைத்தான் இவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் வரப்போகும் சிக்கலுக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து 1979 அக்டோபரில் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். ஒரு கம்பெனியின் இயந்திரத்துக்கு இன்னொரு கம்பெனி விளையாட்டு செய்து விற்பது என்பது அதற்கு முன் கேள்விப்படாத சங்கதி. அடாரி 1980இல் வழக்குப் போட்டது. 1982இல் சமரசம் ஆனது. ராயல்டி கொடுத்துவிட்டு விற்றுக்கொள்ளலாம் என்றாயிற்று. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற தனி ஸ்டூடியோக்கள் எல்லாம் இந்தச் சமரசம் திறந்துவிட்ட வழியில் வந்தவைதாம்.

பெயரும் கிடைத்தது. பெட்டியில் செய்தவர் பெயர். கையேட்டில் படம், விளையாடுகிறவருக்கு அவர் சொல்லும் யோசனை, கீழே கையெழுத்து. பாடகரின் பெயரைச் சொல்லி இசைத்தட்டு விற்கத் தெரிந்த லெவிக்கு இது கைவந்த கலை. 1982இல் கரோல் ஷா 'ரிவர் ரெய்ட்' செய்தபோது பெட்டியில் அவர் பெயர் இருந்தது. ஒரு பெண் எழுதிய புரோகிராம் அவர் பெயரிலேயே லட்சக்கணக்கில் விற்றது சின்ன விஷயமில்லை. அதே வருஷம் 1982இல் தொடங்கப்பட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மென்பொருள் எழுதுகிறவர்களைக் கலைஞர்கள் என்றே அழைத்தது. இசைத்தட்டு உறை மாதிரி பெட்டி செய்து அவர்களுடைய படங்களைப் போட்டது.

இதே எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸில் முடிவில்லாத வேலைநேரம் பற்றி 2004இல் ஊழியர் ஒருவரின் துணைவி எழுதிய பகிரங்கக் கடிதம் பெரிய கலவரத்தைக் கிளப்பியது. ஓவர்டைம் பெறத் தகுதியில்லாதவர்களாக ஊழியர்களை வகைப்படுத்தியது தவறு என்று வழக்குகள் நடந்தன. 2005இல் ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலரும், 2006இல் புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலரும் கொடுத்துக் கம்பெனி முடித்துக்கொண்டது. கலைஞருக்கு ஓவர்டைம் எதற்கு? 1983இல் விளம்பரத்தில் கௌரவமாக இருந்த சொல், சம்பளப் பட்டியலுக்கு வரும்போது வேறு வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

5

1983இல் சந்தை சரிந்தது. அடாரி அந்த ஒரு வருஷத்தில் 50 கோடி டாலருக்கும் மேல் நஷ்டப்பட்டது. விற்காத காட்ரிட்ஜ்களை நியூ மெக்ஸிகோவில் அலமகார்டோ என்ற ஊரின் குப்பைக்கிடங்கில் புதைத்தார்கள். 2014இல் தோண்டிப் பார்த்தபோது 'இ.டி.' விளையாட்டும் அதில் இருந்தது. ஐந்தே வாரத்தில் செய்து தரச்சொல்லி ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆளிடம் கொடுத்த வேலை அது. தோல்விக்கு மட்டும் அவர் பெயர் நன்றாகவே நினைவில் நின்றது. பெயர் என்பது புகழுக்கு மட்டுமல்ல, பழிக்கும் ஒரு முகவரி என்று ஃபூக்கோ சொன்னது சும்மா இல்லை.

ஆக்டிவிஷனைத் தொடங்கிய நால்வரும் 1986க்குள் ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள். 1987இல் லெவியும் போனார். 1988இல் கம்பெனி தன் பெயரையே 'மீடியாஜெனிக்' என்று மாற்றிக்கொண்டது, பிற்பாடு திவாலும் ஆனது. 1991இல் பாபி கோட்டிக் கைப்பற்றிய பிறகு பழைய பெயர் திரும்ப வந்தது. ஆட்கள் இல்லை, பெயருக்கு மட்டும் சந்தையில் மதிப்பு இருந்தது. தங்கள் பெயரைப் போடச்சொல்லி வெளியே வந்தவர்களின் கம்பெனி, அவர்களில் ஒருவரும் இல்லாமல், வெறும் பெயராக உயிர் பிழைத்தது.

அதற்குப் பிறகு நடந்தது பழைய கதையின் மறுபதிப்பு, இடம் மாறி. 2002இல் ஓக்லஹோமாவின் டல்ஸா நகரில் '2015' என்ற ஸ்டூடியோவிலிருந்து இருபத்துச் சொச்சம் பேர் வெளியேறி இன்ஃபினிட்டி வார்டைத் தொடங்கினார்கள். ஆக்டிவிஷன் பணம் கொடுத்தது, 2003இல் முழுசாக வாங்கிக்கொண்டது. அதே வருஷம் அவர்கள் செய்த 'கால் ஆஃப் டியூட்டி' ஆக்டிவிஷனின் தங்கச் சுரங்கமானது. 2009 நவம்பரில் 'மாடர்ன் வார்ஃபேர் 2' விற்பனையில் சாதனை படைத்தது. 2010 மார்ச் 1ஆம் தேதி ஸ்டூடியோவின் தலைவர்கள் ஜேஸன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா இருவரையும் கீழ்ப்படியாமை, ஒப்பந்த மீறல் என்று சொல்லி ஆக்டிவிஷன் நீக்கியது. ராயல்டி தரவில்லை என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். ஊழியர்கள் பலர் தனியாக வழக்குப் போட்டார்கள். 2012 மே மாதம் சமரசம். 1979இல் அடாரியின் அறையில் நடந்த அதே உரையாடல். இந்த முறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது ஆக்டிவிஷன்.

வெளியேறியவர்கள் தொடங்கிய ரெஸ்பான் ஸ்டூடியோவை 2017இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிவிட்டது. 'ஸ்டூடியோ' என்பது அநேகமாக இதுதான்: ஆட்கள் வெளியேறுவதற்கும் மறுபடி விலைக்குப் போவதற்கும் இடையில் கிடைக்கிற கொஞ்ச கால இடைவெளி.

6

இன்றைக்கு ஒரு பெரிய விளையாட்டை ஆயிரக்கணக்கானவர்கள் செய்கிறார்கள். தனி ஆசிரியர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெயர்கள் கடைசியில் சினிமா டைட்டில் மாதிரி ஓடுகின்றன. அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா?

ஜப்பானில் 1980களில் கம்பெனிகள் பெயர் போட்டன, புனைபெயராக. கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' (1987) செய்தவர்கள் அதில் 'பிஸ்டன் தகாஷி', 'ஃபினிஷ் ஹிரோஷி'. அதன் இரண்டாம் பாகத்தில் (1991) 'நின்நின்', 'அகிமான்'. யார் செய்தது என்று தெரிந்தால் போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம் இந்த வழக்கத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பயந்தது வீணாகவும் இல்லை. தகாஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்சுமோட்டோவும் எஸ்.என்.கே. கம்பெனிக்குத்தான் போனார்கள். பெயரை மறைப்பதன் பொருளாதாரம் இதில் பளிச்சென்று தெரிகிறது. பெயர் இருந்தால் தொழிலாளிக்குப் போக வேறு இடம் உண்டு.

இப்போது மறைப்பு வேறு விதம். 'மெட்ராய்ட் டிரெட்' 2021இல் வந்தபோது வேலை செய்த சிலரின் பெயர் இல்லை. மொத்தத் தயாரிப்புக் காலத்தில் கால் பங்காவது இருந்திருந்தால்தான் பெயர் என்பது ஸ்பெயினைச் சேர்ந்த மெர்க்குரிஸ்டீம் ஸ்டூடியோவின் விதியாம். வெளியீட்டுக்கு முன் வேலையை விட்டவர் பெயரைப் போடுவதில்லை என்ற வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஐந்து வருஷம் உழைத்துவிட்டு ஆறாம் வருஷம் உடம்புக்கு முடியாமல் போனால் நீங்கள் அதைச் செய்யவே இல்லை என்று அர்த்தம். பெயர் இப்படித்தான் பரிசாகவும் கடிவாளமாகவும் ஆகிறது: கடைசிவரை இருந்தால் தருவோம்.

பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா இண்டராக்டிவ் வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு வருஷக்கணக்கில் ஓவிய வேலை செய்து கொடுத்தது. 2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கியது. துருவா என்ற பெயரும் போய் ராக்ஸ்டார் இந்தியா ஆனது. ஆட்களின் பெயர் மட்டுமில்லை, சமயத்தில் ஸ்டூடியோவின் பெயரும் இப்படிக் கரைந்துபோகும்.

துண்டுக்கு டிசைன் போடுகிறவர், பூட்டுகிற தொழிலாளி என்று கஸார் சொன்னதாகச் சொல்லப்படும் ஆட்களும் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். ஆக்டிவிஷனின் ரேவன் ஸ்டூடியோவில், விஸ்கான்சினில், தரச் சோதனை செய்கிறவர்கள் இருந்தார்கள். மணிக்கணக்கில் ஒரே சுவரில் முட்டி, ஒரே கதவைத் திறந்து மூடி, பிழை கண்டுபிடிக்கிற வேலை. தங்களை ஒருநாளும் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்ளாதவர்கள். 2021 டிசம்பரில் அவர்களில் 12 பேரின் ஒப்பந்தத்தை முடிப்பதாகச் சொன்னபோது மற்றவர்களும் சேர்ந்து வேலையை நிறுத்தினார்கள். 2022 மே 23ஆம் தேதி 19க்கு 3 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷனை வாங்கியது. 2024 ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. கிரேனும் நண்பர்களும் 1979இல் தப்பித்து வந்த அந்த 'தொழிலாளி' என்ற சொல்லைத்தான் நாற்பது வருஷம் கழித்து ரேவனில் இருந்தவர்கள் எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

7

ஆசிரியன் என்பதே முதலாளியக் கற்பனை, அதைக் கட்டுடைத்துவிட்ட பிறகு பெயர் போடச்சொல்லிக் கேட்பது பின்னடைவில்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பிரதியின் அர்த்தத்துக்கு அதிகாரியாக நிற்கிற ஆசிரியன் வேறு, இந்த வேலையில் என் கை இருந்தது என்று சாட்சி சொல்கிறவர் வேறு. முன்னவரை நாம் சாகடித்ததில் தவறில்லை. அந்தச் சாவைக் காட்டிப் பின்னவரின் சாட்சியையும் கம்பெனி எடுத்துக்கொண்டால், காலியான ஆசிரியர் நாற்காலியில் வந்து உட்காருவது வாசகன் இல்லை, பங்குதாரர்தான்.

இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு நமது சட்டமே ஓர் அத்தாட்சி. 1957ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சம்பளத்துக்குச் செய்த வேலையின் முதல் உரிமையாளர் முதலாளி என்கிறது. ஆசிரியர் என்று சொல்லவில்லை. உரிமை கைமாறிய பிறகும் இது என் படைப்பு என்று சொல்கிற உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது 57ஆம் பிரிவு. நடைமுறையில் இதை வைத்து யார் நீதிமன்றம் போகிறார்கள் என்பது வேற விஷயம். சொத்து ஒருவரிடமும் சாட்சி இன்னொருவரிடமும் இருக்கலாம் என்ற சாத்தியமாவது சட்டத்தின் எழுத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அந்த வாசலே கிடையாது.

ஆகவே ஸ்டூடியோ வரலாறுகளை வாசிக்கும்போது கார் ஷெட்டை விட்டுவிட்டுக் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். யார் பெயர் முதலில், யார் பெயர் எறும்பளவு எழுத்தில், யார் பெயர் 'மற்றும் பலர்' என்பதற்குள், யார் பெயர் இல்லவே இல்லை. ஏன் இல்லை என்று கேட்கத் தொடங்கினால் ஒப்பந்தம், ஓவர்டைம், ஆட்குறைப்பு, சங்கம் என்று வரலாறு தானே அவிழ ஆரம்பிக்கும். ராபினெட்டின் காலத்தில் அதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு புள்ளியைத் தேடினால் போதுமாக இருந்தது. இப்போது பட்டியல் நீளமாகிவிட்டதால் தேடலும் நீளமாகியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.